திறந்தால் மட்டும் ஓடுகிற பெட்டி

அத்தியாயம் பதினொன்று

ராத்திரி முழுக்கக் கார் டிக்கியிலிருந்த குளிர்பெட்டியில் வைத்து எடுத்த நான்கு தண்ணீர் பாட்டில்கள் சமையலறை மேடையில் வரிசையாக நின்றன. மூத்தவள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்டும் விடாத நெற்றியைத் தொடுவது போலிருந்தது.

"என்னக்கா, இன்னிக்கும் காலை வாரிடுச்சா?" பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள் லீவில் வந்திருந்த தங்கை, சின்னவள்.

"சாயங்காலம் பாத்தேன், ஓடிச்சு. படுக்கப் போறதுக்கு முன்னாடி பாத்தேன், அப்பவும் ஓடிச்சு. விடிஞ்சதும் போய்த் திறந்தேன். ஜம்முன்னு பச்சை லைட்டைப் போட்டுக்கிட்டு ஓடிட்டிருக்கு. பாட்டில் மட்டும் இப்படி இருக்கு."

"நம்மளைப் பாத்தா வேலை செய்யற மாதிரி நடிக்குது. என் ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான்."

பதிலுக்குச் சிரிக்க மூத்தவளால் முடியவில்லை. இன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் வருகிறார்.

பத்து நாளாக அந்த வீட்டின் பேச்சே இந்தக் குளிர்பெட்டிதான். பெரிய ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி ஒன்று இருக்கிறது. தன் குழந்தைக்குப் போக மிச்சம் பால் சுரக்கிற தாய்மார்கள் கொடுப்பதை வீடு வீடாகப் போய் வாங்கிவர, சொந்தமாகக் கார் ஓட்டத் தெரிந்த பெண் ஒருத்தி தேவை. செய்தி காதில் விழுந்த மறுநாளே மூத்தவள் போய் நின்றாள். தங்கை வேலைக்காக வேற்றூருக்குப் போனபோது விட்டுப்போன கார் வாசலில் நின்றது. அதை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியை ஆஸ்பத்திரியே கொடுத்துவிட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று. அவள் ஒரு வீட்டுக்குள் போய்க் காத்திருக்கும்போது, வெளியே கார் அணைந்து பூட்டிக் கிடந்தாலும், டிக்கியில் பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிக்கியில் ஒரு சாக்கெட் இருந்தது. ஆனால் சாவியை எடுத்த கையோடு அதன் உயிரும் போய்விடும்.

இங்கேதான் மூத்தவளின் கணவர் களத்தில் இறங்கினார். இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். டிக்கியின் ஓரத்து அட்டையைக் கழற்றி, ஒவ்வொரு வயராக டெஸ்டர் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா! சாவி என் பாக்கெட்ல இருக்கு. இதுல கரண்ட் இருக்கு!" என்று கூவினார். அன்று அவர் முகத்திலிருந்த வெளிச்சத்துக்கு அந்த வயரே தேவைப்பட்டிருக்காது. பெட்டியை அதில் சேர்த்தார். அது ஓடியது. ஆனால் குளிரவில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரில் செருகினால் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. டிக்கியில் வைத்தால் வெதுவெதுப்பு.

மூத்தவளுக்கு இந்த வேலை ஏன் வேண்டும் என்பதை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவள் மகள், இப்போது வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிற பாப்பா, நாள் நிறையாமல் பிறந்தவள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு. மூத்தவளுக்குப் பால் சுரக்கவே இல்லை. முகம் தெரியாத யாரோ சில பெண்களின் பால்தான், சொட்டுச் சொட்டாக, அவளைப் பிழைக்க வைத்தது. அந்தப் பெண்கள் யார் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள். கடைத்தெருவில் தன் வயதையொத்த ஒருத்தியைப் பார்க்கும்போதெல்லாம், இவளாக இருக்குமோ என்று மூத்தவளுக்குத் தோன்றும். நன்றி சொல்ல ஆளில்லாமல் ஒரு நன்றியை இத்தனை வருஷம் சுமப்பது லேசான காரியமில்லை.

"அக்கா, டீ ஆறுது," என்றாள் சின்னவள்.

"ஆறட்டும். நான் ஒண்ணு யோசிக்கிறேன்."

"என்ன?"

"நாம பாக்கும்போதெல்லாம் ஓடுது. சரி. நாம பாக்காதப்ப என்ன பண்ணுது?"

*

லிஃப்ட்காரர் லீவு போட்டிருந்தார். டிக்கிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிதான் கோளாறு. கொஞ்ச நேரம் ஓடிட்டு தானா நின்னுடுது. சூடு ஏறினா நிக்கிற மாதிரி உள்ள ஏதாவது வச்சிருப்பான்."

"அப்படின்னா வீட்டுக்குள்ள ஏங்க நிக்கல?" என்றாள் மூத்தவள்.

"வீட்டுக்குள்ள காத்து இருக்கு."

"நான் உள்ள போய்ப் பாக்கறேன்."

"எதுக்குள்ள?"

"டிக்கிக்குள்ள. நான் படுத்துக்கறேன், நீங்க மூடுங்க. எப்ப நிக்குதுன்னு கண்ணால பாத்துட்டா சந்தேகம் தீர்ந்துடும்ல?"

லிஃப்ட்காரர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான், அக்கா சொல்றது சரிதான். நான் போலாம்னா நான் அடங்க மாட்டேன். நீங்க போனா டிக்கி மூடாது. அக்காதான் அளவு."

"விளையாடாதீங்க ரெண்டு பேரும். உள்ள மூச்சு முட்டும்."

"பத்து நிமிஷத்துல முட்டாது. முட்டினா தட்டறேன்."

அவர் வேண்டாவெறுப்பாகப் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மூத்தவள் புடவையை முழங்காலோடு சேர்த்துச் சொருகிக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, பிறகு ஒருக்களித்து, கால்களை மடக்கிப் படுத்தாள். முகத்துக்கு நேரே பெட்டி. அதன் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு. நாற்பத்தைந்து வயதில் காரின் டிக்கிக்குள் படுத்திருக்கிறோமே என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மூடட்டுமா?"

"மூடுங்க."

டப்.

பச்சை விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் ஓடி அணையவில்லை. மூடி பூட்டில் உட்கார்ந்த அந்த நொடியிலேயே, அதுவும் டிக்கி விளக்கும் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. பெட்டியின் முனகலும் நின்றது. அவ்வளவுதான் விஷயம். டிக்கி விளக்குக்குப் போகிற வயரைத்தான் அவர் பிடித்திருக்கிறார். திறந்தால் வரும், மூடினால் போகும். திறந்து திறந்து பார்த்தால் அது ஓடிக்கொண்டேதானே இருக்கும்!

தட்டியிருக்கலாம். பதில் கிடைத்துவிட்டது. அவள் தட்டவில்லை.

இருட்டு அவ்வளவு முழுமையாக இருந்தது. வீட்டில் இப்படி ஓர் இருட்டு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. எங்கேயாவது ஒரு விளக்கு எரியும், யாராவது கூப்பிடுவார்கள், அடுப்பில் ஏதாவது இருக்கும். இங்கே எதுவும் இல்லை. போர்வையில் பழைய சோப்பு வாசனை. உடம்பு மெல்லத் தளர்ந்தது. இடுப்புக்குக் கீழே, கம்பளத்துக்கு அடியில், கயிறு போல ஏதோ உறுத்தியது. கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.

வெளியிலிருந்து கணவரின் குரல் கேட்டது. நிதானமாக, வார்த்தை வார்த்தையாக, வழக்கமில்லாத மரியாதையோடு.

"பதட்டப்படாதீங்க. நான் இங்கதான் நிக்கறேன். கதவைத் தள்ளாதீங்க. கொஞ்ச நேரத்துல திறந்துடுவோம்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் பேசுகிற பேச்சு! மூத்தவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது இதுவே முதல் தடவை.

"யாருக்கு அத்தான் இந்த மரியாதை? உள்ள இருக்கிறது உங்க பொண்டாட்டி."

"பழக்கம். மூடின கதவைப் பாத்தா வாய்ல தானா வந்துடுது."

"அவளுக்குக் கேக்குமா நாம பேசறது?"

"எங்க கேக்கும்? சுத்தி இவ்வளவு ரப்பர் இருக்கு. லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கே கத்தினாத்தான் கேக்கும்."

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தகரத்தில் காதை வைத்தது போலிருந்தது.

சின்னவளின் குரல் தாழ்ந்தது. "அப்ப இதுதான் சமயம். இந்த வீட்டுல அக்கா இல்லாத ஒரு நிமிஷம் கிடைக்க மாட்டேங்குது. அத்தான், நான் லீவுல வரல."

"பின்னே?"

"வேலையை விட்டுட்டேன். திரும்பிப் போகப் போறதில்ல. இங்கேயே ஒரு வீடு பாத்துக்கிட்டு இருந்துடலாம்னு வந்திருக்கேன்."

டிக்கிக்குள் மூத்தவள் காதை மூடிப்பக்கம் திருப்பினாள்.

"நல்ல விஷயம்தானேம்மா? உங்கக்கா தலைகால் புரியாம ஆடுவாளே."

"அதான் பிரச்சினையே. இங்க எனக்கு மூணு இடத்துல வேலை சொல்லியிருக்காங்க. எதுவா இருந்தாலும் அலைச்சல்தான். கார் இல்லாம முடியாது. இவ இங்க காருக்கு வயர் தேடிக்கிட்டு டிக்கிக்குள்ள படுத்திருக்கா. நான் எந்த வாயால கேக்கறது?"

"எதுக்கு வேலையை விட்டே?"

அப்போது தெருவில் ஒரு லாரி வந்தது. மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து, பின்கதவுச் சங்கிலி கலகலக்க, நத்தை மாதிரி ஊர்ந்து போனது. அது போய் முடிந்தபோது சின்னவள் சொல்லி முடித்திருந்தாள். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க," என்பது மட்டும் வால் போல வந்து சேர்ந்தது.

மூத்தவள் இருட்டில் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள்.

தங்கை வந்துவிட்டாள். இனிமேல் போக மாட்டாள். எத்தனை வருஷமாக மூத்தவள் இதைக் கேட்டிருப்பாள்! ஒவ்வொரு முறை அவளை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும்போதும் காலிப் பாத்திரம் மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்குமே. அந்தச் சத்தம் இனி இல்லை. ஆனால் அந்தச் செய்தி காதில் விழுந்ததும் முதலில் எழுந்தது மகிழ்ச்சி இல்லை. 'ஐயோ, கார்!' என்பதுதான். மகிழ்ச்சி இரண்டாவதாகத்தான் வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் தாமதித்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி போல.

வெளிச்சத்தில் என்றால் அந்த முதல் நினைப்பை அவள் பார்த்தே இருக்க மாட்டாள். சட்டென்று ஒரு சிரிப்பை எடுத்து அதன் மேல் போர்த்தியிருப்பாள். இங்கே சிரித்துக் காட்ட ஆளில்லை. நாம் இப்படியும்தான் இருக்கிறோம் என்று அவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பார்க்கப் பார்க்க அது அவ்வளவு பெரிதாகவும் தெரியவில்லை. பசித்த பிள்ளை, வந்திருப்பவர்களைக் கவனிக்காமல் தட்டைக் கேட்பது மாதிரிதான்.

டக், டக் என்று தட்டினாள்.

மூடி திறந்தது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டி ஒன்றுமே நடக்காதது போல முனக ஆரம்பித்தது.

"என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? மூச்சு முட்டிச்சா?"

"இல்ல. வேர்த்துடுச்சு." அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "அது விளக்கு வயருங்க. மூடினவுடனே அணைஞ்சிடுது. நாம திறக்கிறதாலதான் அது ஓடுது."

லிஃப்ட்காரர் பெட்டியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"லிஃப்ட் கதவு சாத்தினா எந்த விளக்கு போகும், எது போகாதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இது தோணலையே!"

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து அழைப்பு வந்தது. சின்னவள் ஃபோனை நீட்டிப் பிடித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பாப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, ஃபோன்ல வீடியோ ஓடவிட்டு உள்ள வச்சு மூடியிருக்கலாமே?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சித்தி, நீயுமா? ஆபீஸ்ல கம்ப்யூட்டரோட குப்பை கொட்டறே."

"வைடி ஃபோனை," என்றாள் சித்தி.

*

"முன்னாடி பேட்டரியில இருந்து நேரா ஒரு வயர் இழுத்தாத்தான் உண்டு," என்றார் லிஃப்ட்காரர். "சீட்டைக் கழட்டி, கம்பளத்தைத் தூக்கி, என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல ஓட்டை தேடி… ஒரு நாள் வேலை. நாலு மணிக்கு முடியாது. அந்தம்மாகிட்ட ரெண்டு நாள் தள்ளிக் கேளேன்."

"இன்னொருத்தரும் கேட்டிருக்காங்களாம். இன்னிக்கு நம்மளோடது சரியில்லைன்னா நாளைக்கு அங்க போயிடுவாங்க."

இதைச் சொல்லும்போது மூத்தவள் தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இப்போதே, எல்லோருக்கும் சுலபமாக, 'வயர் கிடைக்கல, போகட்டும்' என்று சொல்லிவிட்டால், தங்கை கேட்கவே வேண்டியிருக்காது. எவ்வளவு சௌகரியமான தோல்வி! அந்தச் சௌகரியம்தான் அவளை உசுப்பியது. இவ்வளவு நாளும் இப்படித்தானே ஒவ்வொன்றையும் ஒதுக்கி வைத்தோம்?

"என்னங்க, உள்ள படுத்திருந்தப்ப இடுப்புக்குக் கீழ ஏதோ கயிறு மாதிரி உறுத்திச்சு. கம்பளத்துக்கு அடியில."

"கயிறா?"

"தடியா இருந்தது. விரல் தடி."

போர்வையை எடுத்தார்கள். கம்பளத்தின் ஓரத்தை லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அடியில், தூசி படிந்து, பாம்புபோல நெளிந்து கிடந்தது ஒரு சிவப்பு வயர். முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"அட!" என்றாள் சின்னவள். "முன்னாடி இந்தக் காரை வச்சிருந்த ஆளு டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வச்சிருந்தானாம். தெருமுனையில திரும்பும்போதே அவன் வர்றது வீட்டுல தெரியுமாம். விக்கும்போது ஸ்பீக்கரை எல்லாம் கழட்டிக்கிட்டான். வயரை மறந்துட்டான் போல."

லிஃப்ட்காரர் டேப்பைப் பிரித்து டெஸ்டர் வைத்தார். விளக்கு எரியவில்லை. சாவியைப் போட்டுப் பார்த்தார். எரியவில்லை.

"செத்த வயர்."

"இந்த முனை இங்க இருக்கு. அந்த முனை எங்க இருக்கு?" என்றாள் மூத்தவள்.

பிறகு நடந்ததெல்லாம் கொஞ்சம் திருவிழா மாதிரிதான் இருந்தது. சின்னவள் பின்சீட்டில் குப்புறப் படுத்துக் கம்பளத்துக்குள் கையைவிட்டு, "இருக்கு, இருக்கு, முன்னாடி போகுது," என்று குரல் கொடுத்தாள். மூத்தவள் டிக்கியிலிருந்து வயரை மெதுவாக இழுத்து ஆட்டினாள். பானெட்டைத் திறந்து வைத்து லிஃப்ட்காரர் எது ஆடுகிறது என்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இழு!"

"இழுக்கறேன்!"

"இழுக்காதே, என் தலைமுடியும் சேர்ந்து வருது!" இது சின்னவள்.

பேட்டரிக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்குள், சின்னதாக ஒரு ஃப்யூஸ் கூடு ஆடியது. திறந்தால் உள்ளே காலி. யாரோ நல்ல மனிதன், வேண்டாத வயரில் கரண்ட் இருக்கக் கூடாது என்று ஃப்யூஸை உருவிவிட்டுப் போயிருக்கிறான். வயர் முழுதும் நல்லபடியாக, அறுபடாமல், அத்தனை வருஷமும் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

லிஃப்ட்காரர் பைக்குள் துழாவி ஒரு ஃப்யூஸை எடுத்தார். "ஸ்பீக்கர்காரன் பெருசு போட்டிருப்பான். நமக்குப் பெட்டிக்குத் தகுந்தது போதும். பெருசு போட்டா, வயர் கருகற வரைக்கும் ஃப்யூஸ் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கும்."

பெட்டியை இணைத்தார். பச்சை விளக்கு வந்தது. யாரும் கை தட்டவில்லை. ஒருமுறை பட்டது போதும். சின்னவள் தன் ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்தாள். மூடினார்கள். டீ குடித்துவிட்டு வந்து திறந்தார்கள். வீடியோவில் கும்மிருட்டு, அதன் நடுவே அந்தக் கடுகளவு பச்சை, கண்ணிமைக்காமல்.

மூத்தவள் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

*

தலைமை நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், வேகமான நடை, அநாவசியப் பேச்சில்லை. தன் பையிலிருந்து நீள வயர் வைத்த வெப்பமானியை எடுத்து, முள்ளைப் பெட்டிக்குள் வைத்து, வயரை ரப்பர் ஓரமாக வெளியே விட்டு, டிக்கியைத் தானே மூடினார். சாவியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அரை மணி நேரம் பாப்போம்."

"கார் பேட்டரி இறங்கிடாதா?" என்று அவரே கேட்டார்.

"பெட்டியிலேயே ஒரு கட்டுப்பாடு இருக்குங்க," என்றார் லிஃப்ட்காரர். "பேட்டரி ஒரு அளவுக்குக் கீழ போனா அது ஓட்டத்தை நிறுத்திடும். கார் ஸ்டார்ட் ஆகத் தேவையானது மிச்சம் இருக்கும். ஒரு வீட்டுல இவ ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கவலையில்ல."

நர்ஸ் தலையாட்டினார். திரையில் நாலு டிகிரி என்று நின்றது. நகரவில்லை.

"நல்லா பண்ணியிருக்கீங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாங்க, பனிக்கட்டி போட்டுச் சமாளிச்சுக்கறேன்னாங்க. குறைமாசக் குழந்தை விஷயத்துல சமாளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" காரைப் பார்த்தார். "வண்டி உங்களோடதுதானே?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்தார். சின்னவள் தூணோடு சாய்ந்து நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. தங்கச்சியோடது," என்றாள் மூத்தவள்.

"ஓ." நர்ஸின் புருவம் உயர்ந்தது. "அப்ப என்னிக்கும் கிடைக்குமா? நடுவுல நின்னா எனக்குக் கஷ்டம். அங்க குழந்தைங்க காத்துக்கிட்டிருக்கும்."

"எனக்குக் காலையிலதானே வேணும். பதினோரு மணிக்குள்ள உங்ககிட்டே கொண்டுவந்து குடுத்துடுவேன். அதுக்கப்புறம் அவளுக்கு வேணும். இங்கேயே வேலை தேடப் போறா. காலையில நான், மிச்ச நேரம் அவ." ஒரு மூச்சு விட்டாள். "அவளுக்குக் காலையிலேயே வேணும்னு ஆச்சுன்னா, உங்ககிட்டே முன்கூட்டியே சொல்லிடுவேன். வேற வண்டி பாத்து இதே மாதிரி வயர் போட்டுக்கிட்டு வருவேன். எப்படிப் போடறதுன்னு இப்ப எங்களுக்குத் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தங்கையின் பக்கம் திரும்பினாள். சின்னவளின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்னம்மா, சரிதானா?" என்று நர்ஸ் அவளைக் கேட்டார்.

சின்னவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் திகைப்பு இருந்தது, கோபம் மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு சிரிப்பு வந்தது.

"சரிதான் சிஸ்டர். காலையில நான் எழுந்திருக்கவே மாட்டேன். தாராளமா ஓட்டிக்கட்டும்."

நர்ஸ் திரையை மறுபடி பார்த்தார். நாலு டிகிரி. எழுந்து சாவியைக் கொடுத்தார், தங்கையிடம் இல்லை, மூத்தவளின் கையில்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாங்க. முதல் வீட்டுக்கு நானும் கூட வர்றேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பால் குடுக்கிறவங்க, யார் குழந்தைக்குப் போகுதுன்னு கேப்பாங்க. சொல்லக் கூடாது."

"தெரியுங்க," என்றாள் மூத்தவள். "ஆனா நல்லா இருக்குன்னு சொல்லலாம்ல?"

நர்ஸ் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "அது சொல்லலாம்."

*

அவர் போனதும் சின்னவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தியா?"

"நான் எங்கடி கேட்டேன்? படுத்திருந்தேன். காதுல விழுந்தது."

"அத்தான்! உள்ள கேக்காதுன்னீங்களே!"

லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். "அப்ப இத்தனை வருஷமா லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கும் எல்லாம் கேட்டிருக்கும் போலிருக்கே," என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"நீ சொல்லுவியான்னு பாத்தேன்." மூத்தவள் தங்கையின் தலையில் ஒட்டியிருந்த கம்பளத் தூசியை எடுத்துவிட்டாள். "எனக்கு முதல்ல கார்தான் ஞாபகம் வந்தது. நீ வந்துட்டேங்கிறது அப்புறம்தான். அதை உன்கிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு."

"எனக்கும்தான்," என்றாள் சின்னவள். "உனக்கு வேலை கிடைக்கப் போகுதுன்னு நீ ஃபோன்ல சொன்னப்ப, முதல்ல கார்தான் ஞாபகம் வந்தது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சின்னவள் மெல்லக் கேட்டாள்.

"எல்லாமே காதுல விழுந்துச்சா?"

"ஒண்ணு தவிர. எதுக்கு வேலையை விட்டேன்னு சொன்னியே, அந்த நேரம் பாத்து லாரி போச்சு."

சின்னவளின் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். நிம்மதியால் இறங்கியதா, ஏமாற்றத்தாலா, சொல்ல முடியவில்லை.

"அந்த லாரிக்காரன் நல்லா இருக்கணும்," என்றாள் சின்னவள். முகம் கழுவ உள்ளே போய்விட்டாள்.

மூத்தவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துடைத்த ஸ்க்ரூடிரைவரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எதுவும் கேட்கவில்லை. காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டிக்கி மூடியிருந்தது, பூட்டியிருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். தகரத்தினூடே, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும்படி, ஒரு மெல்லிய அதிர்வு வந்தது. ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம், முகம் கழுவத் தேவையானதைவிட வெகு நேரம். கேட்டால் தங்கை சொல்லிவிடுவாள். கேட்காமல் இருந்தாலும் ஒருநாள் அவளாகவே சொல்வாள். அதுவரை தன்னால் கேட்காமல் இருக்க முடியுமா என்பதுதான் மூத்தவளுக்குத் தெரியவில்லை.